ஒத்து விட்டுப்போன அபிப்பிராயம்

1

நம் ஊர் மலரில் கடல் கடந்தவர்களுக்கென்று ஒரு பக்கம் வருகிறது. கனடாவில் வாசல் பனியை அள்ளிப் போடுகிறவர், துபாயில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து எழுகிறவர் எல்லாம் எழுதுகிற பக்கம். அதற்கு என்னையும் எழுதச் சொல்லி மலரை நடத்தும் நண்பர் போன் செய்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இருப்பது பெங்களூரில். ஆம்பூரில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் இருக்கலாம்.

"நான் இன்னாய்யா கடலைக் கடந்துட்டேன்?" என்றேன்.

"கல்யாணம், சாவு தவிர ஊர்ப்பக்கம் தலை காட்டியிருக்கியா? இல்ல இல்ல? அப்ப கடந்தவன்தான். எழுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த ஆடியோடு நான் இங்கே வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. எழுதுவதற்கு அது ஒரு சாக்கு. ஆனால் இந்த வருடம் எழுதியே ஆக வேண்டிய காரணம் வேறு. அது ஒரு துப்பாக்கியைப் பற்றியது. பயப்பட வேண்டாம், யாரும் யாரையும் சுடவில்லை.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் முனிரத்தினம். ஸ்ரீராம்புரத்தில் ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு. காலையில் மெட்ரோ ஏறி பீன்யாவில் இறங்குகிறேன். அங்கே போலீஸ்காரர்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் பெல்ட், வாக்கி-டாக்கி பை, கைத்துப்பாக்கி உறை எல்லாம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு புது சாமான் வந்தால் அதற்கு எந்த அளவில் தோலை வெட்ட வேண்டும், எங்கே தைக்க வேண்டும், வார் எங்கே வர வேண்டும் என்று முதல் உருப்படியைச் செய்து கொடுப்பவன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வெட்டுகிற பிரிவை மூடியபோது கத்தரியோடு கிளம்பி வந்தவன் நான்.

இந்த வேலையில் இருந்து இருந்து ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் இடுப்பைப் பார்ப்பேன், அடுத்து கையைப் பார்ப்பேன். சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்பதை வைத்தே பெல்ட்டில் என்னென்ன தொங்குகிறது என்று சொல்லிவிடுவேன். என் மனைவி செல்வி இருந்தவரை, பொம்பளைங்க நடுவுல மட்டும் இந்தப் பார்வை வேணாம், உதை வாங்குவே என்று எச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

2

நான் கன்னடம் கற்ற கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

வந்த புதிதில் என்னோடு தங்கியிருந்த வாணியம்பாடிக்காரர் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். "தமிழ்ல 'ப' வர்ற எடத்துல எல்லாம் 'ஹ' போடு. முக்காவாசி கன்னடம் வந்துரும்." போட்டுப் பார்த்தேன். பால் ஹாலு. பத்து ஹத்து. புலி ஹுலி. பல் ஹல்லு. பிடி ஹிடி. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. பாம்பை ஹாம்பு என்று சொல்லி கம்பெனியில் ஒரு வாரம் சிரிப்புக்கு ஆளானேன். அது ஹாவு. அதற்கும் நான் அசரவில்லை.

மகள் பிறந்தாள். பிறப்பைப் பதிவு செய்ய ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். குமாஸ்தா தலை நிமிராமல் "ஏன் மகு?" என்று கேட்டார். என்ன குழந்தை என்று கேட்கிறார். நான் மனதுக்குள் சூத்திரத்தைப் போட்டேன். பெண். ப-வுக்கு ஹ.

"ஹெண, சார்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஹெணவா?" என்றார் மெதுவாக.

"ஹௌது சார். ஒந்து ஹெண." ஆமாம், ஒன்று என்று விரலையும் காட்டினேன்.

அவர் எழுந்துபோய் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அரசாங்க அலுவலகத்தில் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். அவர் முன்னாலிருந்த புத்தகத்தை மூடி ஒதுக்கிவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலை ஆறேகால் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் மாறியது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாளுக்கு இரண்டு மொழியும் தெரியும் போல. "ஐயோ சார், அவருக்குப் பொண்ணு பொறந்துக்குதுன்னு சொல்றாரு சார்!" என்று தமிழும் கன்னடமுமாகக் கத்தினாள்.

கன்னடத்தில் பெண் என்றால் ஹெண்ணு. ஹெண என்றால் பிணம்.

குமாஸ்தா நல்ல மனிதர். சிரித்து முடித்து, ஒரு தாளில் எழுதியே காட்டினார். நாம் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைக்கிறோம். அவர்கள் எழுத்துக்குக் காலடியில் குட்டியாக இன்னொரு எழுத்தைத் தொங்கவிடுகிறார்கள். அதற்கு ஒத்து என்று பெயர். அந்த ஒத்து இருந்தால் மகள். விட்டுப்போனால், அவர் அந்தத் தடித்த சாவுப் பதிவுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

செல்வி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சாகும்வரை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வாள். "எம்மவள மொத நாளே சாவடிச்ச ஆளு இவரு."

3

மகளுக்கு எழிலரசி என்று பெயர் வைத்தோம். கன்னடத்தில் ழ கிடையாது. பள்ளிக்கூடத்தில் எளிலரசி ஆனாள். இப்போது அவளே தன் பெயரை அப்படித்தான் சொல்கிறாள். நான் "எழிலு" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், ஆனால் தன் பெயரைக் கேட்டுத் திரும்புகிற மாதிரி இருக்காது.

படித்தது கன்னட மீடியம். நன்றாகப் படித்தாள், ஓடினாள், தாண்டினாள், பரீட்சை எழுதி சப்-இன்ஸ்பெக்டர் ஆனாள். அந்த விண்ணப்பத்தை வீட்டில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். தாய்மொழி என்ற கட்டத்தில் கன்னடம் என்று எழுதியதை அவள் தோளுக்கு மேலாக நான் பார்த்துவிட்டேன்.

"தமிழ்னு போட்டா கேள்வி வரும்ப்பா, அதான்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

கேள்வி வந்திருக்காது. அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அடுப்படியிலிருந்த செல்வியிடம் நான் சொல்லவில்லை. தாய் இருக்கும்போது அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவள் வைட்ஃபீல்ட் பக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் வருவாள். வந்தால் ஒரு மணி நேரம். அதில் முக்கால் மணி போனில் கன்னடத்தில் பேசுவாள். மிச்ச நேரம் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஜாஸ்தி, பிபி இருக்குதில்ல உனக்கு?" என்று திட்டுவாள். அந்தத் திட்டுக்காக வேண்டுமென்றே ஒரு கல் உப்பு கூடப் போட்ட ஞாயிறுகளும் உண்டு. என் பிழைப்பு அப்படி.

என் கம்பெனிதான் அவள் துறைக்கு உறை தைத்துக் கொடுக்கிறது என்பதை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நானும் என் முதலாளியிடம் சொன்னதில்லை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததும் இல்லை.

4

இனி துப்பாக்கி.

போன வருடம் போலீஸில் ஒரு பிரிவுக்குச் சில புதுக் கைத்துப்பாக்கிகளைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். உசத்தி ரகம். மேகசினில் குண்டுகள் ஒரே வரிசையில் இல்லாமல் மாறி மாறி இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். இரட்டை வரிசை இப்போது சாதாரணத் துப்பாக்கிகளிலும் உண்டுதான். இது அதிலேயே பட்டு வேட்டி மாதிரி. முழுக்க எஃகு உடம்பு, விரல் பட்டால் போதும் என்கிற விசை, பின்னால் குண்டைத் தட்டுகிற ஹேமர், பக்கத்தில் சேஃப்டி லீவர், கட்டைவிரலால் அதைக் கீழே தள்ளினால் பூட்டு விட்டுத் துப்பாக்கி சுடத் தயார். விலையைக் கேட்டால் தலை சுற்றும் என்றார்கள். நான் கேட்கவில்லை.

உறை செய்வதற்காக அதே அளவில், குண்டு போட முடியாத, லீவரும் ஹேமரும் மட்டும் அசைகிற ஒரு டம்மி எங்களிடம் வந்தது. கையில் எடுத்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். உறையின் வார், துப்பாக்கி விழுந்துவிடாமல் பின்பக்கம் பிடித்துக்கொள்கிற பட்டை. ஹேமர் படிந்திருந்தால் வார் அதன் மேலே போகும். ஹேமர் நிமிர்ந்திருந்தால் வார் அதற்கு அடியில் போகும். இரண்டும் வேறு வேறு வெட்டு. எனவே, எப்படிச் சுமக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

போலீஸ் ஸ்டோர்ஸிலிருந்து வந்தவர் சொன்னார்: "நம்ம ஆளுங்க யாரும் உள்ள குண்டு ஏத்தி வச்சுக்க மாட்டாங்க. ஹேமர் படிஞ்சேதான் இருக்கும்." பயிற்சி கொடுக்கிறவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். ஹேமரை நிமிர்த்தி, சேஃப்டி போட்டு, எடுத்ததும் சுடுகிற மாதிரி வைத்துக்கொள்வதற்குத்தான் இந்தத் துப்பாக்கி, இல்லையென்றால் பழையதே போதுமே என்றார். மூன்றாவதாக ஒரு பெரிய அதிகாரி, இருவரையும் சமாதானப்படுத்துகிற குரலில், "இரண்டுக்கும் ஆகிற மாதிரி சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள், இந்த ஊரில் எதற்கும் இதுதான் மருந்து. பஸ் சீட்டுக்கு அட்ஜஸ்ட் செய்யலாம். வாருக்கு முடியாது.

எனக்கு இளவயதில் பார்த்த ஒரு உறை ஞாபகம் வந்தது. ஊரில் ஷூ கம்பெனி வேலை போக, பஜாரில் ஒரு தோல் கடையில் தையல் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு எஸ்.ஐ. இடுப்பு உறையைக் கழற்றிக் கொடுத்து, தையல் விட்டிருக்கிறது என்றார். திறந்தேன். உள்ளே துப்பாக்கி இல்லை. கசக்கிய செய்தித்தாளும் ஒரு வெற்றிலை மடிப்பும் இருந்தன. நான் விழித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். "உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கறான்? வெளியே உப்பலா இருக்கணும், அவ்ளோதான்." பதினைந்து வருடம் அந்தச் செய்தித்தாளே போதுமாக இருந்திருக்கிறது அவருக்கு. அந்தக் காலம் போய்விட்டது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு துப்பாக்கி உசத்தியா என்பதும், காலை முதல் சாயங்காலம் வரை ஒரு சந்திப்பில் நிற்கிறவர் இடுப்பில் அது இருக்க வேண்டுமா என்பதும் ஒரே கேள்வி இல்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டுவிட்டது.

குறை மட்டும் சொன்னால் பாவம். சுட்டவர்கள் எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். கனம் இருப்பதால் கை உதறுவதில்லை, இரண்டாவது குண்டும் முதல் குண்டின் பக்கத்திலேயே விழுகிறது, அடிக்கடி மேகசின் மாற்ற வேண்டாம். தினமும் சுட்டுப் பழகுகிற சிலருக்கு அது கொடுத்த பணத்துக்குத் தகும். வருடத்தில் சில தோட்டாக்கள் மட்டும் சுட்டு, மற்ற நாளெல்லாம் பந்தோபஸ்தில் நிற்கிறவருக்கு? அந்தக் கனம் முழுக்க வலது இடுப்பு எலும்பில்தான் உட்காரும். பெல்ட்டை நான் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் எலும்பு அதே எலும்புதான்.

5

அந்தச் சோதனைக் குழுவில் என் மகளும் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். சுட்ட அட்டையின் படம். நடுவில் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் எல்லா ஓட்டையும்.

"எங்க பேட்ச்ல ஃபர்ஸ்ட் நானேதான்ப்பா. இந்தத் துப்பாக்கியில நல்லா சுடுறவங்கள ஒரு ஸ்பெஷல் கோர்ஸுக்கு அனுப்புறாங்க. வந்து இன்ஸ்ட்ரக்டர் ஆயிடலாம். எங்க ஸ்டேஷன்ல இதுவரைக்கும் ஒரு லேடி போனதில்ல, கொத்தா?"

கொத்தா என்றால் தெரியுமா என்று அர்த்தம். தெரியும் என்றேன். செல்வி போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. அவளோடு சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறது என்று அற்பமாக ஒரு சந்தோஷமும் பட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஒரு பெண் கைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு, டம்மியையும் மாதிரி உறையையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பயிற்சி கொடுப்பவர் சொன்னபடி ஹேமர் நிமிர்ந்திருக்கிற வெட்டு. எழில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்று உருவினாள். வேகம் என்றால் வேகம். நான் பக்கவாட்டில் பாயில் உட்கார்ந்து, அவள் கையை மட்டும் பார்த்தேன்.

அவள் கை அவள் அம்மாவின் கை. குட்டி உள்ளங்கை, கட்டையான பெருவிரல். அந்தத் தடித்த பிடியைச் சரியாகப் பிடித்தால் பெருவிரல் லீவரை எட்டவில்லை. எட்டுவதற்காக, உருவுவதற்கு முன்பே, உறைக்குள் வைத்தே பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறாள். அவளுக்கே தெரியாமல்.

"இன்னொரு வாட்டி" என்றேன். பத்துத் தடவை உருவினாள். மூன்று தடவை, துப்பாக்கி உறையை விட்டு வருவதற்கு முன்னாலேயே லீவர் கீழே இறங்கி டிக் என்றது. திருப்பிப் பிடித்ததால் ஆள்காட்டி விரலும் விசைக்குப் பக்கத்தில் போய் நின்றது. விரல் பட்டால் போதும் என்கிற விசை. குழல் பார்த்துக்கொண்டிருந்தது அவள் தொடையை.

அவள் கையிலிருந்தது டம்மிதான். இருந்தும் எழுந்துபோய் அதைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாப்பா?"

சொன்னேன். அவளே மெதுவாக உருவிப் பார்த்தாள். மெதுவாகச் செய்யும்போது டிக் வரவில்லை.

"பாரு, வரல. பிராக்டிஸ்ல சரியாயிடும்ப்பா."

"மெதுவா எடுத்தா வராதும்மா. நீ அவசரத்துலதான எடுக்கப் போற?"

"ரேஞ்ச்ல இத்தனை நாள் சுட்டிருக்கேன். ஒரு தப்பு வந்ததா?"

"ரேஞ்ச்ல நீ கையில எடுத்துக்கினு நின்னு சுடுற. இடுப்புலேந்து எத்தினி வாட்டி எடுத்த?"

பெல்ட்டைக் கழற்றி மடித்தாள். அவள் பழைய துப்பாக்கியில் இந்தக் கட்டைவிரல் வேலையே கிடையாது, அது கைக்கு அடக்கம், அதிலேயே இரு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

"நீ பெல்ட்டு தைக்கிறவன்ப்பா. உறைய மட்டும் பாரு" என்றாள்.

சாப்பிடாமல் போய்விட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தது.

6

மாதிரி உறையோடு ஒரு படிவமும் அனுப்ப வேண்டும். உறை செய்தவர் அபிப்பிராயம், கன்னடத்தில். முதலாளி வாசலில் நின்றபடியே, "முனி, ஒந்தே லைன். 'சரி இதெ'ன்னு எழுது. அஷ்டே" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். அவ்வளவுதான். சரியாக இருக்கிறது என்று ஒரு வரி. ஆர்டர் வரும், முதலாளிக்குச் சந்தோஷம். மகள் கோர்ஸுக்குப் போவாள், அவளுக்குச் சந்தோஷம். டிக் சத்தம் கேட்டது எனக்கு மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு உட்கார்ந்தேன். நான் கன்னடம் பேசுவேன், எழுதுவது என்றால் வியர்க்கும். முதலில் 'சரி இதெ' என்றே எழுதினேன். பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன். அதற்குக் கீழே, உறை சரி, ஆனால் சிறிய கை உள்ள பெண் அதிகாரிகளுக்கு இந்தத் துப்பாக்கி வேண்டாம், உறைக்குள்ளேயே சேஃப்டி இறங்கிவிடுகிறது, பத்தில் மூன்று தடவை நான் பார்த்தேன், பிடியை மெலிதாக்கிய பிறகு கொடுங்கள் என்று எழுதினேன். யார் கை என்று எழுதவில்லை. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கம்பெனி முத்திரையைக் குத்தினேன். முதலாளி வருவதற்குள் கவரில் போட்டு ஒட்டி, கொண்டுபோக வந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

கோழைத்தனம்தான். மகளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லி ஜெயிக்க முடியாததை, முத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னேன். அவள் கோர்ஸ் போய்விடும் என்று தெரிந்துதான் செய்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

பிறகு அவள் வரவில்லை. முதல் ஞாயிறு டியூட்டி என்றாள். இரண்டாவது ஞாயிறும் டியூட்டி. மூன்றாவது ஞாயிறு நான் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தனியாக இருப்பது பெரிய கஷ்டம் இல்லை, நான்கு வருடத்தில் பழகிவிடும். வருகிறவர் வராமல் போகிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் பழக்கம் வருவதே இல்லை. ஞாயிறு மதியங்களில் மெட்ரோ ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன். வண்டியில் எதிரே உட்கார்ந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு.

7

ஏழாவது ஞாயிறு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துப் பாயில் வைத்தாள். என் படிவம். என் எழுத்து.

"இத எங்க டெஸ்ட் கமிட்டியில சத்தமா வாசிச்சாங்கப்பா" என்றாள். "சிறிய கை உள்ள ஹெண அதிகாரிகள்னு இருக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். சிறிய என்பதற்குக் கன்னடத்தில் சண்ண. அதற்கு ஒத்து அழகாகப் போட்டிருக்கிறேன். அடுத்த சொல்லில் விட்டிருக்கிறேன். சிறிய கை உள்ள பிண அதிகாரிகள்.

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். "யாருய்யா இந்த மகானுபாவன்னு கேட்டாங்க."

"நீ சொன்னியா?"

"இல்ல."

"நல்லதுதான்" என்றேன். நிஜமாகவே நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

"அம்மா சொல்வாங்களே, ஜன்னலாண்ட நின்னு நீ சிரிச்ச கதை. அது இல்லன்னா எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்" என்றாள். "அந்த எடத்துல தண்ணி குடிக்கிறேன்னு எழுந்து வெளிய போயிட்டேன்ப்பா."

நான் கோர்ஸைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவளே சொன்னாள்.

"ஃபைல்ல வைக்க இத திருத்தி ஃபேர் காப்பி எழுதணும்னாங்க. யாருக்குக் கன்னடம் நல்லா வரும்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைக் காட்டினாங்க. எங்கிட்ட கொடுத்துட்டாங்க."

தாய்மொழி கன்னடம் என்று எழுதிய என் மகள். அவளிடமே போயிருக்கிறது. அந்த வரியை அவள் கொஞ்சம் மழுப்பினால் போதும். பத்தில் மூன்றை விட்டுவிடலாம், 'வேண்டாம்' என்பதை 'பார்க்கலாம்' என்று மாற்றலாம். யாருக்கும் தெரியாது. என் கன்னடத்தை யார் நம்புவார்கள்?

"எழுதிட்டியா?" என்றேன்.

"எழுதிக் கொடுத்துட்டேன். பிடி மாத்துற வரைக்கும் சின்னக் கைக்காரங்க பழையதே வச்சுக்கணும்னு ஆர்டர் போட்டுட்டாங்க. கோர்ஸுக்கு வேற ஒருத்தர் போறாரு." தாளை என் பக்கம் தள்ளினாள். "இது வேணாம்னு கிழிச்சுப் போடச் சொன்னாங்க. எடுத்துக்கினு வந்தேன்."

"இன்னா மாத்தின?"

"ஒத்து மட்டும் போட்டேன்ப்பா" என்றாள். "வேற எதுவும் மாத்தல."

சாப்பிட்டாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, பழைய உறையில் வார் தேய்ந்திருக்கிறது, புதுசு வெட்டிக் கொடு என்றாள். கையை நீட்டு என்றேன். ஒரு தாளில் அவள் வலது கையை வைத்து, விரல் விரலாகப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். சும்மா இருந்தாள். வாருக்குக் கை அளவு தேவையே இல்லை. அது அவளுக்கும் தெரியும். பிறகு போன் வந்தது, கன்னடத்தில் பேசிக்கொண்டே சந்தில் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு, அந்தக் கை வரைந்த தாளின் ஓரத்தில் கன்னடத்தில் ஹெண்ணு என்று எழுதினேன். ஒத்து போட்டேன். சத்தம் போட்டு வாசித்தும் பார்த்தேன். தப்பாக இருந்தால் திருத்துவதற்கு வீட்டில் யாரும் இல்லை.